கதவுச் சத்தமும் சீட் பெல்ட்டும்

ஆனைக்குட்டத்துல இருந்துக்கிட்டு ஜெர்மன் கார் வச்சிருக்கீங்களே, கட்டுப்படியாகுதா டாக்டர்னு கேக்குறீங்க. சர்வீஸுக்கு மதுரை போகணும், பார்ட்ஸ் வர நாளாகும். உண்மைதான். நாலுவழிச்சாலையில ரோட்டைப் பிடிச்சுப் போற அழகுக்காகப் பொறுத்துக்கிறேன்.

என் பயம் வேற. கதவைச் சாத்தினா 'டம்'னு கேக்குற சத்தத்தை நம்பி, பெல்ட் போடாம ஓட்டுறீங்க பாருங்க, அதுதான்.

2014-ல குளோபல் என்கேப், ஏர்பேக் இல்லாத போலோவை 64 கி.மீ. வேகத்துல மோதவிட்டுப் பார்த்தது. பாடி உறுதியாத்தான் நின்னுச்சு. ஆனா பெரியவங்க பாதுகாப்புக்குக் கிடைச்சது 0 ஸ்டார். ரெண்டு ஏர்பேக் வச்ச அதே போலோவுக்கு 4. அந்த ஏர்பேக்கும் பெல்ட்டோட சேர்ந்து வேலை செய்யத்தான் இருக்கு. பெல்ட் இல்லாம முன்னால பாயுற முகத்துக்கு, விரியுற பையே காயம்.

"திருத்தங்கல் வரைக்கும்தானே டாக்டர்"னு யாராவது பெல்ட்டை ஒதுக்கினா நான் வண்டியை எடுக்குறதில்லை. பின்சீட்டுக்கும் சேர்த்துத்தான்.