நம் ஊர்ச் செய்தியில் இல்லாத ஆங்கிலமா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் வயிறு எரிகிறது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். பக்கம் பக்கமாக இதே. கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். அதே சொல் ஒரு பத்திக்குள் வந்தால் திகைத்துப் போகிறார்கள். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வில் பத்தியைக் கொடுத்துத்தானே கேள்வி கேட்கிறார்கள்?

சொல்லைச் செய்தியோடு சேர்த்துப் படித்தால் எப்படி நிற்கும் என்று பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூரில் நெடுஞ்சாலையே மூழ்கியது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. அந்த நாட்களில் ஆங்கில நாளிதழ்களிலும் நம் விழுப்புரம் மாவட்டம்தான் செய்தி. புயல் கரை கடந்தால் லேண்ட்ஃபால், ஊர் மூழ்கினால் இனன்டேட்டட், ஏரிக்கரை உடைந்தால் ப்ரீச், வழிமாற்றிய ரயில் டைவர்டட், நடுவழியில் சிக்கிய பயணி ஸ்ட்ராண்டட். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு இவை ஜென்மத்துக்கும் மறக்குமா? அந்தச் செய்திகளை எத்தனை வகுப்பில் வாசிக்க வைத்தோம்?

'ஹிந்து படி, இங்கிலீஷ் தானா வரும்' என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 1878இல் சென்னையில் தொடங்கிய அந்த நாளிதழை வாசித்தே ஆங்கிலம் பழகியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இன்றைக்கோ வீட்டில் கடன் வாங்கி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். அங்கேயும் கையில் கொடுப்பது இன்னொரு பட்டியல்.

ஆசிரியர்களே, பயிற்சி மையம் நடத்துகிறவர்களே, ஒரு செய்தியை முதலில் தினமணியிலோ தினத்தந்தியிலோ வாசிக்கச் சொல்லுங்கள். அதையே ஆங்கில நாளிதழில் காட்டுங்கள். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் புதுச் சொல்லைக் கண்டு பிள்ளை மிரளாது. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றையும் அது வந்த வாக்கியத்தோடு எழுதட்டும். அடியிலேயே தன் தெருவை, தன் ஏரியை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதட்டும். இதற்குத் தனிக் கட்டணமும் வேண்டாம், தனிப் புத்தகமும் வேண்டாம். நாளைக் காலையிலேயே தொடங்குங்கள்.