விட வேண்டியபோது விடுமா? ஹெலிகாப்டரில் பொருத்தப்படும் கருவிகளும் நியூயார்க் விபத்தும்

2024 செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 11 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கும்படி ஜூரிகள் தீர்ப்பளித்தனர். தொகை பெரியது என்பதால் செய்தி உலகெங்கும் பரவியது. பொறுப்பு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைத்தான் பலர் கவனிக்கவில்லை. ஹெலிகாப்டரை இயக்கிய லிபர்டி ஹெலிகாப்டர்ஸ் நிறுவனத்துக்கு 42 விழுக்காடு. பயணத்தை ஏற்பாடு செய்து விற்ற ஃபிளைநியான் நிறுவனத்துக்கு 38 விழுக்காடு. மீதி 20 விழுக்காடு டார்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்கு.

டார்ட் அந்த ஹெலிகாப்டரைச் செய்யவில்லை, ஓட்டவும் இல்லை. அதன் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்த அவசர மிதவைகளுக்கு உரிய நிறுவனம் அது. துணைக் கருவி ஒன்றைச் செய்தவர் மீது 5இல் 1 பங்கு பொறுப்பு எப்படி வந்தது?

ஹெலிகாப்டர் பயணம் பணக்காரர் விவகாரம் என்று பலர் நினைக்கலாம். கெர்த்தேயிலும் மீரியிலும் வேலைக்குப் போவதற்கே ஹெலிகாப்டர் ஏறும் எண்ணெய் மேடைத் தொழிலாளர்களுக்கு அப்படி இல்லை. விடுமுறைக்குப் போன இடத்தில், ஒரு முறை ஏறிப் பார்ப்போமே என்று சீட்டு வாங்கும் குடும்பங்களுக்கும் அப்படி இல்லை.

11 விநாடிகள்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஏர்பஸ் ஏஎஸ்350 பி2 ரக ஹெலிகாப்டர் நியூ ஜெர்சியிலிருந்து புறப்பட்டது. விமானியும் 5 பயணிகளும் இருந்தனர். கதவுகளைக் கழற்றிவிட்டு, கால்களை வெளியே நீட்டி, கீழே தெரியும் நகரத்தைக் காலணியோடு சேர்த்துப் படம் எடுக்கும் பயணம் அது. சமூக ஊடகங்களில் அப்போது அந்த வகைப் படங்களுக்குப் பெரிய மவுசு.

கதவு இல்லாததால் பயணிகள் விழாமல் இருக்க, இருக்கை வார் தவிர இன்னொரு கவச வாரும் மாட்டப்பட்டது. கட்டுமானத் தளங்களில் உயரத்தில் வேலை செய்பவர்கள் விழாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் வகை அது. அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை ஹெலிகாப்டரோடு பூட்டுக் கொக்கியால் இணைக்கப்பட்டிருந்தது.

முன்னிருக்கைப் பயணி படம் எடுப்பதற்காகத் திரும்பிச் சாய்ந்தபோது, அவருடைய கயிறு தரையில் இருந்த எரிபொருள் அடைப்புக் கைப்பிடியில் மாட்டி அதை இழுத்துவிட்டது. எரிபொருள் நின்றது, இயந்திரமும் நின்றது. விமானி காரணத்தைக் கண்டுபிடித்து மறுபடி இயக்க முயன்றார். அதற்குள் உயரம் போய்விட்டது. ஈஸ்ட் ஆற்றில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மிதவைகள் தேவைப்பட்டது இந்த நேரத்தில்தான். அந்த ரக ஹெலிகாப்டருக்குச் சக்கரம் கிடையாது. அடியில் நீளமான இரண்டு குழாய்கள் இருக்கும். பக்கத்துக்கு 3 வீதம் 6 மிதவைப் பைகள் அவற்றின் மேல் மடித்துக் கட்டப்பட்டிருந்தன. விமானி ஒரு கைப்பிடியை இழுத்தால், அழுத்தத்தில் அடைத்து வைத்த வாயு 2 கலன்களிலிருந்து பாய்ந்து பைகளை ஊத வேண்டும். விமானி இழுத்தார். இடப்பக்கக் கலன் மட்டுமே காலியானது. வலப்பக்கக் கலன் திறக்கவே இல்லை. ஒரு கலன் திறக்காமல் போனால் மற்றதன் வாயுவை இரு பக்கமும் பகிர வேண்டிய இணைப்புக் குழாயும் அந்த வேலையைச் செய்யவில்லை என்று விசாரணை கண்டறிந்தது.

ஹெலிகாப்டருக்கு எப்போதும் தலை கனம். இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, சுழலி எல்லாம் மேலேதான். கீழே இரு பக்கமும் சமமாகத் தாங்காவிட்டால் அது நீரில் நிமிர்ந்து நிற்காது. நீரைத் தொட்ட 11 விநாடிகளில் அது வலப்பக்கம் உருண்டு தலைகீழாகக் கவிழ்ந்தது.

விமானி தம் வாரை அவிழ்த்துக்கொண்டு வெளியேறினார். பயணிகளின் கயிறு முதுகில் பூட்டப்பட்டிருந்தது, கைக்கு எட்டாது. கயிற்றை அறுக்க ஒரு சிறு கத்தி கொடுக்கப்பட்டிருந்தது. மார்ச் மாதக் குளிர் நீரில், இருட்டில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு முதுகுக் கயிற்றை யாரால் அறுக்க முடியும்? 5 பேரும் இறந்தனர்.

மிதவை என்பதே ஏமாற்று வேலை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2013 ஜூன் 30ஆம் தேதி இதே நகரத்தின் ஹட்சன் ஆற்றில் ஸ்வீடன் நாட்டுச் சுற்றுப்பயணிகள் 4 பேருடன் ஒரு ஹெலிகாப்டர் அவசரமாக இறங்கியது. மிதவைகள் அதைத் தாங்கின. ஒருவரும் சாகவில்லை.

விதி என்ன கேட்கிறது?

நம் ஊரில் வேன் இருக்கையை மாற்றினாலோ லாரியின் பின்புறத்தை நீட்டினாலோ ஜேபிஜே அனுமதியும் புஸ்பாகோம் சோதனையும் வேண்டும். ஹெலிகாப்டருக்கும் அப்படித்தான், ஆனால் பல மடங்கு கடுமையாக. தேடு விளக்கு, கேமரா, சரக்குக் கூடை, மீட்புச் சுருள் கயிறு, மிதவை என எதை வெளியே பொருத்தினாலும் அந்த ரகத்துக்கென்று தனிச் சான்றிதழ் வேண்டும். தாங்குப் பிடி காற்றின் வேகத்தையும் அதிர்வையும் தாங்குமா, எடைச் சமநிலை கெடுமா, அவசரத்தில் கதவைத் திறக்க இடைஞ்சலாக இருக்குமா என்றெல்லாம் பார்ப்பார்கள். கழன்று பறந்தால் எங்கே போய் அடிக்கும் என்பதும் முக்கியம். ஒரு மூடி கழன்று வால் சுழலியில் பட்டாலே ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டை இழந்துவிடலாம்.

இந்த விதிகளில் மிகத் தெளிவானது வெளியே தொங்கும் சுமை பற்றியது. அமெரிக்க விதிப்படி, சரக்கு தொங்கும் அமைப்பு அந்தச் சரக்கின் எடையைப் போல் இரண்டரை மடங்கு தாங்க வேண்டும். தொங்குவது மனிதர் என்றால் மூன்றரை மடங்கு. சுமை எங்காவது சிக்கினால் விமானி அதை உடனே கழற்றிவிடவும் முடிய வேண்டும். அதே சமயம், மனிதர் தொங்கும்போது ஒரே பொத்தானில் தவறுதலாகக் கை பட்டுக் கழன்றுவிடக் கூடாது; வேண்டுமென்றே இரண்டு செயல்களைச் செய்தால்தான் கழல வேண்டும்.

ஆக, விதி கேட்பது இரண்டு கேள்விகள். விட வேண்டியபோது விடுமா? விடக் கூடாதபோது விடாமல் இருக்குமா? ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லும் கருவி பாதிக் கருவிதான்.

நியூயார்க் விபத்தை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். கவச வார் பிடித்துக்கொள்ளும் வேலையைச் சரியாகச் செய்தது. விடும் வேலையைச் செய்யவில்லை. எரிபொருள் கைப்பிடி, தீப்பிடித்தால் சட்டென்று இழுப்பதற்காக வைக்கப்பட்டது. இழுக்கக் கூடாத நேரத்தில் ஒரு கயிறு பட்டே இழுபட்டுவிட்டது. மிதவை, பறக்கும்போது தானாக விரிந்தால் ஆபத்து. அதனால் அது எளிதில் விரியாதபடி அடக்கி வைக்கப்பட்டிருந்தது. விரிய வேண்டிய நேரத்தில் பாதிதான் விரிந்தது. முழுதாக இழுத்துவிட்டோம் என்று விமானி நம்பினார்.

மிதவைக்கு உரிய சான்றிதழ் இருந்தது. கவச வாரை அப்படி யாரும் சோதிக்கவில்லை. அது ஹெலிகாப்டரின் பாகம் இல்லையே, பயணி அணிந்துகொண்டு ஏறுவதுதானே என்ற நிலை. ஆனால் மறுமுனையை ஹெலிகாப்டரில் பூட்டிய பிறகு அது பயணியின் உடை ஆகாது. இந்த ஓட்டைதான் மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது.

படம் எடுப்பது என்ற பெயரில்

விமானிகளுக்கு இது தெரியாமல் இல்லை. கவச வார் குறித்து லிபர்டி விமானிகள் விபத்துக்கு முன்பே கவலை தெரிவித்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. பிறகும் பறந்தார்கள். காரணம், யாரும் தடுக்கவில்லை.

அமெரிக்க விதிகளில், வான்வழிப் படம் எடுக்கும் வேலைக்கு ஒரு விலக்கு உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்லும் வணிகச் சேவைக்கு உள்ள கடுமையான கண்காணிப்பு அதற்குக் கிடையாது. நில அளவை, செய்திப் படம் போன்ற வேலைகளுக்கு அது பொருந்தும். கைத்தொலைபேசியில் தம்படம் எடுக்கும் சுற்றுப்பயணியும் படப்பிடிப்பாளர்தான் என்று சொல்லி, இந்தப் பயணங்கள் அதே விலக்கின் கீழ் நடந்தன. என்டிஎஸ்பி எனப்படும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 டிசம்பரில் விசாரணை முடிவை வெளியிட்டபோது, நிறுவனங்கள் இந்த விலக்கைப் பயன்படுத்திக்கொண்டதைக் கண்டித்தது. எஃப்ஏஏ எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கண்காணிப்பு போதவில்லை என்பதும் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

எஃப்ஏஏ செயல்பட்டது, 5 பேர் இறந்த பிறகு. விபத்து நடந்து 11 நாளில், 2018 மார்ச் 22ஆம் தேதி அவசர ஆணை வந்தது. சிரமமில்லாமல் உடனே அவிழ்க்க முடியாத கூடுதல் கவச வார்களுடன் கதவில்லாப் பயணங்களை நடத்தக் கூடாது என்றது ஆணை. கதவில்லாப் பயணத்தையே அது தடை செய்யவில்லை. அவிழ்க்க முடியும் என்று காட்டினால் பறக்கலாம்.

வட கடலில் வேறு பாடம்

2013 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஸ்காட்லாந்தின் சம்பர்க் அருகே எண்ணெய் மேடைத் தொழிலாளர்களை ஏற்றிவந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. 18 பேரில் 4 பேர் இறந்தனர். அதிலும் ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. ஆனால் கடைசி விநாடிகளில் இணை விமானி மிதவை அமைப்பை ஆயத்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். அதனால் நீர் பட்டதும் மிதவைகள் தாமாகவே விரிந்தன. ஹெலிகாப்டர் தலைகீழாக மிதந்தாலும் மூழ்கிப் போகவில்லை. யாரும் அந்த நேரத்தில் கைப்பிடியைத் தேடி இழுக்க வேண்டியிருக்கவில்லை.

பிரிட்டன் அதோடு நிற்கவில்லை. 2014இல் வந்த மறுஆய்வு, கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்பதையே மையமாக வைத்தது. அவசரச் சன்னலுக்கு அருகில்தான் உட்கார வேண்டும், நீருக்கடியில் மூச்சுவிட உதவும் கருவி வேண்டும், சன்னல் வழியே வெளியேற முடியாத அளவு பருமனானவர்களை ஏற்றக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வந்தன. தொழிலாளர் சங்கங்களும் எண்ணெய் நிறுவனங்களும் கவனித்துக்கொண்டிருந்த துறை அது. அதனால் வேகம் இருந்தது. ஒரு நாள் வந்து போகும் சுற்றுப்பயணிக்குச் சங்கம் ஏது?

நம் நாட்டில் எண்ணெய் மேடைக்குப் போகிறவர்கள் நீச்சல் குளத்தில் மாதிரிக் கூண்டுக்குள் உட்காரவைக்கப்பட்டு, தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டு, சன்னல் வழியே வெளியேறப் பழகுகிறார்கள். முதல் முறை மூக்கில் தண்ணீர் ஏறித் திணறாதவர்கள் குறைவு. அந்தத் திணறல் கரையிலேயே நடந்து முடிந்துவிடுவதுதான் பயிற்சியின் பயன். நியூயார்க்கில் அந்த 5 பேருக்கும் புறப்படும் முன் காட்டப்பட்டது ஒரு பாதுகாப்புக் காணொளி.

எந்த மிதவையும் எல்லா விபத்துக்கும் மருந்தாகாது. 2025 ஏப்ரல் 10ஆம் தேதி ஹட்சன் ஆற்றில் விழுந்த சுற்றுலா ஹெலிகாப்டரின் சுழலி வானிலேயே பிரிந்துபோனது. ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் 5 பேரும் விமானியும் இறந்தனர். அங்கே மிதவைக்கு வேலையே இல்லை.

எந்த நாட்டிலும், நீருக்கு மேல் பறக்கும் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் முகப்பிடத்திலேயே கேட்க வேண்டியவை சில உண்டு. மிதவை இருக்கிறதா, அது தானாக விரியுமா, விமானி இழுக்க வேண்டுமா? எனக்கு மாட்டும் வாரை நானே, முன்பக்கமாக, ஒரே கையால் அவிழ்க்க முடியுமா? ஏறுவதற்கு முன் ஒரு முறை அவிழ்த்துப் பார்க்க விடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு நேரமில்லை என்று பதில் வந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்பதே நல்லது.