ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுவோம்
இந்தியாவிலிருந்து பிரித்தானியாவுக்கு வரும் தமிழ்ச் செவிலியர், ஆங்கிலப் புலமையை மெய்ப்பித்து, கணினித் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் கடந்தே இங்கு பதிவு பெறுகிறார். இத்துணைத் தகுதி உடையவர், முகவருக்காக நகையை அடகு வைப்பது ஏன்?

வேலை தேடித் தருவதற்காகச் செவிலியரிடம் கட்டணம் பெறுவதைப் பிரித்தானியாவின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே பெறலாம். இதனை அறியாமையே பலரைக் கடனாளி ஆக்குகிறது.

இன்னொரு கண்ணி ஒப்பந்தத்திலேயே இருக்கக்கூடும். குறித்த காலத்துக்கு முன் விலகினால் செலவுத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்னும் விதி அது.

புலம்பெயர்ந்த பெற்றோருக்கு ஊர் உறவு உண்டு. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் உண்டு. இருவரும் இணைந்து, கையெழுத்துக்கு முன்பே அவ்வொப்பந்தத்தை வாசித்து விளக்க வேண்டும். தங்கைக்கு ஆற்றும் கடமையன்றோ இது!