ஓடு உள்ளே கறுக்கும் நாள்

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாலை, கடலைக் கொல்லையில் குந்தி உட்கார்ந்திருந்தேன். விதைத்து நூறு நாள் தாண்டியிருந்தது. நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து செடி பிடுங்கி, காய்களை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. கனடாவிலிருந்து தம்பி மகன். அங்கே அப்போது காலை ஏழரை. இரவு வேலை முடித்து வந்த முகம்.

"பெரியப்பா, ஒண்ணு காட்டறேன். திட்டக்கூடாது."

கேமராவைத் திருப்பினான். ஸ்கார்பரோவில் அவன் வீட்டுப் பின்பக்கத் தோட்டம். குளிரில் துவண்ட தக்காளிச் செடிகள். வேலியோரம் ஆள் உயரத்துக்கு இரண்டு கஞ்சாச் செடிகள்.

"விதைக் கவர்ல பூ விட்டு அறுபது நாள்னு போட்டிருந்தான். அறுபது ஆயிடுச்சு. ஆனா பாத்தா இன்னும் ஆகலைன்னு தோணுது. எப்போ அறுக்கறது பெரியப்பா?"

திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அவன் அங்கே செய்வது குற்றம் இல்லை. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டப்படி செல்லும். ஒண்டாரியோவில் வயது வந்தவர்கள் வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்த்துக்கொள்ளலாம். கிடங்கு வேலையில் மூட்டு தேய்ந்து, வலி தூங்கவிடுவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தான். அவன் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதை அவனிடமே சொல்லியும் விட்டேன். ஆனால் 'ஆகலைன்னு தோணுது' என்றானே, அந்தச் சொல் என்னை இளக்கிவிட்டது. கவரில் அச்சடித்த நாளை நம்பாமல் செடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறான். பதினைந்து வருஷமாக ஊர் மண்ணைத் தொடாதவனுக்குள் என் அப்பாவின் கண் இன்னும் இருக்கிறது.

அப்பா நாள் கணக்கு வைப்பார், ஆனால் நாளை மட்டும் வைத்துக் கடலை பிடுங்க மாட்டார். கொத்து ரகத்துக்கு நூற்றைந்து நாள் என்பார்கள். மழை தள்ளிப் பெய்தால் அது நூற்றுப் பதினைந்து ஆகும், காய்ச்சல் வந்தால் தொண்ணூற்றெட்டிலேயே இலை கொட்டும். அதனால் காயை உடைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தால் பிஞ்சு. பழுப்பாகிக் கறுத்து, நரம்பு தெரிந்தால் முற்றல். நூறு காயில் எழுபத்தைந்து, எண்பது காய் கறுத்திருந்தால் ஆள் சொல்லலாம். அதற்கு மேல் பேராசைப்பட்டால் காம்பு இற்றுக் காய் மண்ணிலேயே தங்கிவிடும். கொத்து ரக விதைக்கு உறக்கம் கிடையாது. முற்றிய பிறகு ஒரு மழை பெய்தால் செடியில் இருக்கும்போதே முளைத்துவிடும்.

ஒரு வருஷம் புயல் வருகிறது என்று ஊரே பேசியதைக் கேட்டு, எண்பத்தெட்டாம் நாளே பிடுங்கினேன். புயல் வடக்கே போய்விட்டது. பருப்பு சுருங்கித் தோல் சுருக்கம் விழுந்தது. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பப் போட்டார். அந்த மௌனம் இன்னும் வலிக்கிறது.

ஆகவே அவனிடம் முதலில் சொன்னது இது: "நாளை விடு. செடி என்ன சொல்லுதுன்னு பாரு. பூவைக் கிட்டக் காட்டு."

அந்தச் செடியை நான் பயிரிட்டதில்லை. ஆனால் பயிரைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பவன். கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. கஞ்சா என்று சொல்லப்படுவது பெண் செடியின் பூங்கொத்து. பூவிலிருந்து மெல்லிய மயிர் போல நீளுவது சூல்முடி. அது வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும் வரை பூ மகரந்தத்துக்குக் காத்திருக்கிறது என்று பொருள். பிறகு அது பழுப்பாகி உள்நோக்கிச் சுருளும். பெரும்பகுதி சுருண்ட பின்தான் அறுவடைப் பேச்சே. அதிலும் முடியை மட்டும் நம்ப முடியாது, மழையிலும் காற்றிலும் அடிபட்டால்கூட அது பழுத்துவிடும். பூவின் மேல் பனித்துளி மாதிரி பிசின் சுரப்பிகள் இருக்கும், காம்பும் தலையுமாகக் குண்டூசி போல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இளசில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், முற்றும்போது பால் கலந்தது போல மங்கும், அதையும் தாண்டினால் தேன் நிறமாகும். போதை தரும் சத்து அந்தத் தலைகளில்தான் சேர்கிறது. தேன் நிறம் ஏற ஏற அது சிதைந்து, தூக்கக் கலக்கம் தரும் வேறொன்றாக மாறத் தொடங்குகிறது என்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால் பிஞ்சு, செங்காய், பழம். பால் நிறம்தான் செங்காய். மாமரத்தில் ஏறுகிறவன் செங்காயில் பறிப்பான், அது வீட்டில் பழுக்கட்டும் என்று. இந்தப் பூ பறித்த பின் முற்றாது. நெல்லைப் போல, கடலையைப் போல, செடியில் எந்த நிலையோ அதுவே கடைசி நிலை. அதனால்தான் அறுக்கும் நாள் இவ்வளவு முக்கியமாகிறது.

அவனிடம் பூதக்கண்ணாடி இல்லை. நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதை வாங்கு என்றேன்.

இந்தப் பார்வை ஒரு காலத்தில் தனித் தொழிலாகவே இருந்தது. வங்காளத்தில் ராஜசாகியை அடுத்த நவ்காவில் (இன்று அது வங்கதேசம்) அரசு உரிமம் கொடுத்துக் கஞ்சா பயிரிட்டார்கள். அங்கே போத்தார் என்று ஒருவர் உண்டு. ஆண் செடி பூத்துத் தூள் பறக்கும் முன் வயலுக்குள் இறங்கி, செடியின் தோற்றத்தை மட்டும் பார்த்து ஆணை அடையாளம் காட்டுவார். அதைப் பிடுங்கி எறிவார்கள். ஒன்று தப்பினாலும் சுற்றியுள்ள பெண் பூவெல்லாம் விதை கட்டிவிடும், பிசின் குறைந்துவிடும்.  ஆகஸ்டில் நாற்று விட்டு, செப்டம்பரில் நட்டு, பிப்ரவரி மார்ச்சில் அறுப்பார்கள். ஹேம் சந்தர் கெர் 1877இலும் டேவிட் பிரெயின் 1893இலும் இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்தப் பயிர் இருந்தது. 1893இல் பிரிட்டிஷ் அரசு இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையத்தை அமைத்தது. அது 1,193 பேரை விசாரித்து 1894இல் அறிக்கை கொடுத்தது. சென்னை மாகாணத்தில் முறையாகப் பயிராகும் இடங்கள் என்று அது காட்டியவற்றில் ஒன்று கிருஷ்ணா மாவட்டத்தின் சந்தரவூர், மற்றொன்று வட ஆற்காட்டு ஜவ்வாது மலை. வட ஆற்காட்டுக்கு 1911 வரை தலைநகரம் எது? சித்தூர். இன்று கஞ்சா என்ற சொல்லைச் சொன்னாலே முகம் மாறும் இதே சித்தூரில்தான் அந்த மலைப்பயிருக்கு மேலான கலெக்டர் உட்கார்ந்திருந்தார். எங்கள் சத்தியவேடு அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாறி ஆந்திரத்தோடு சேர்ந்து சித்தூர் ஆனோம், 2022 ஏப்ரலில் திருப்பதி ஆனோம். மாவட்டப் பெயர் மாறியது, கொல்லை மாறவில்லை.

அளவோடு பயன்படுத்துவோரிடம் பெரிய கேடு காணவில்லை, முழுத்தடை தேவையில்லை, உரிமமும் வரியும் போதும் என்றது அந்த ஆணையம். மனநோய் விடுதிகளின் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, 'கஞ்சாவால் வந்த பைத்தியம்' என்று எழுதப்பட்டதில் பெரும்பாலானவை விசாரிக்காமல் எழுதப்பட்டவை என்றும் கண்டது. இதைச் சொல்வதால் பிள்ளைகள் பிடிக்கட்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வளரும் மூளைக்கு அது கேடு என்பதைப் பிற்கால மருத்துவம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பையன்களை நினைத்தால் எனக்குக் கவலை உண்டு.

ஆனால் செடி வளர்ப்பவனை நினைத்தாலும் எனக்குக் கவலை வருகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்றால் பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்று வரையறுக்கிறது. நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. எடை வைத்துத் தண்டனை மாறும்: 1 கிலோவுக்குக் கீழ் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. பயிரிடுவதற்கு எடைக் கணக்கே இல்லை. ஒரு செடி நட்டாலும் அதே பிரிவுதான், பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். எல்லை தாண்டி இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டையிலும் இதுதான் சட்டம். தம்பி மகன் வேலியோரம் வளர்ப்பதை அவன் அப்பா இங்கே வளர்த்தால் சிறை. பேச்சு முழுக்க அந்த நினைப்பு என் கூடவே இருந்தது, அதனால் குரலைத் தாழ்த்தியே பேசினேன்.

வடக்கே விசாகப்பட்டின மலைகளிலும் ஒடிசா எல்லையிலும் இந்தப் பயிர் பல வருஷம் மறைவாக நடந்தது. வெளிமாநில வியாபாரி முன்பணம் கொடுப்பான், விதை கொடுப்பான். பழங்குடிக் குடும்பம் காட்டுக்குள் நடும். 2021இன் இறுதியில் ஆந்திரப் போலீஸ் 'பரிவர்த்தனா' என்று பெயர் வைத்து இறங்கி ஆயிரக்கணக்கான ஏக்கரை வெட்டிச் சாய்த்தது. 2022 பிப்ரவரியில் அனகாபல்லி அருகே கோடூருவில் பிடிபட்ட 2 லட்சம் கிலோவைக் குவித்துக் கொளுத்தினார்கள். இப்போது டிரோன் விட்டுச் செடி தேடுகிறார்கள். அந்த மலையில் செடி நட்டவனுக்கு முற்றல் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் தலைக்கு மேல் டிரோன் சுற்றும்போது அவன் செங்காய்க்குக் காத்திருப்பானா? அவனுடைய அறுவடை நாளைப் பயம் குறிக்கிறது. பிடிபட்டால் உள்ளே போவது பெரும்பாலும் அவனும், பையைத் தூக்கி வந்த கூலியும்தான். முன்பணம் கொடுத்தவன் பெயர் வெளியே வருவது அபூர்வம். மலையில் இன்று காப்பியும் மிளகும் போடச் சொல்கிறார்கள், நல்லதுதான். மிளகுக்கொடி பலன் தர மூன்று நான்கு வருஷம் ஆகும் என்பதையும் சேர்த்து யோசித்து, அதுவரை அந்த வீட்டு அடுப்புக்கு வழி சொல்ல வேண்டும்.

சட்டத்துக்கு உட்பட்ட பயிரிலும் அறுக்கும் நாள் விவசாயி கையில் இருப்பதில்லை. 2025 ஜூனில் சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். தோத்தாபுரி, எல்லைக்கு அந்தப் பக்கம் கிளிமூக்கு, மரத்தில் சரியான பக்குவத்தில் இருந்தது. தோள் புடைத்து, காம்படி குழிந்து, தண்ணீரில் போட்டால் மூழ்கும் பதம். பறித்து டிராக்டரில் ஏற்றிப் போனால் ஆலை வாசலில் நாள்கணக்கில் வரிசை. கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு சொன்னது, ஆலை 8, அரசு 4 என்று. பலருக்கு ஆலை கொடுத்தது அதிலும் குறைவு. டிராக்டரிலேயே அழுகிய காயைச் சாலையோரம் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். பறிக்காமல் மரத்தில் விட்டவர்களும் உண்டு. பக்குவம் பார்க்கத் தெரிந்த கைகள் எதையும் செய்ய முடியாமல் நின்ற அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

ஐந்து நாள் கழித்துத் தம்பி மகன் மறுபடி கூப்பிட்டான். பூதக்கண்ணாடி வந்துவிட்டது. கண்ணாடி வழியே கேமராவைப் பிடித்துக் காட்டினான். கை நடுங்கிப் படம் கலங்கியது, ஆனாலும் தெரிந்தது. பாதிக்கு மேல் பால் நிறம், கொஞ்சம் இன்னும் தெளிவு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேன் துளி. சூல்முடியில் முக்கால்வாசி சுருண்டிருந்தது. அடியிலைகள் மஞ்சள்.

"நாலு நாள் விடலாமா பெரியப்பா? ஆனா வியாழக்கிழமை ராத்திரி உறைபனின்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் மழை."

தடித்த பூங்கொத்தில் மழை தங்கினால் உள்ளேயிருந்து சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், வெளியே தெரியும்போது நடுப்பூ அழுகியிருக்கும். திராட்சைக்கும் அதே பூஞ்சணம்தான். மேல் கொத்துகளை மழைக்கு முன்னால் அறுத்துவிடு, அடிக்கொத்துகள் இளசாக இருந்தால் வியாழன் மதியம் வரை விடு என்றேன். ஒரே செடியானாலும் வெயில் படும் நுனிதான் முதலில் முற்றும். எலுமிச்சையை ஒரே நாளில் மொத்தமாகவா பறிக்கிறோம்?

நானும் அந்த வாரம்தான் ஆள் சொன்னேன். வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் இறங்கலாம் என்று வானம் காட்டிக்கொண்டிருந்தது. நூறு காயில் எழுபத்தெட்டு கறுத்திருந்தது. பத்துப் பெண்கள் வந்தார்கள், இரண்டு நாளில் பிடுங்கி ஆய்ந்து முடித்தோம். களத்தில் காயப் போட்ட மூன்றாம் நாள் லேசாகத் தூறியது. தார்ப்பாய் போட்டு மூடி, மறுநாள் கிளறிவிட்டோம்.

தம்பி மகன் மறுபடி பேசியபோது, வீட்டுக்கு அடியிலுள்ள அறையில் கொடி கட்டிக் கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பதாகச் சொன்னான். மின்விசிறியை நேராகக் காட்டாதே, இருட்டாக வை, கதவைப் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள் என்றேன். வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. பூட்டிவிட்டேன் என்று சாவியைக் காட்டினான்.

"காஞ்சிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

நான் களத்திலிருந்து ஒரு கைப்பிடி கடலையை அள்ளிக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே பருப்பு கலகலவென்றது. அந்தச் சத்தம் போனில் அவனுக்கும் கேட்டது. "உனக்கு இந்தச் சத்தம் வராது. சின்னத் தண்டா ஒண்ணு எடுத்து ஒடி."

ஒடித்தான். முறியவில்லை, வளைந்தது.

"இன்னும் ரெண்டு நாள்" என்றேன்.