கொள்கை டெபியனுக்கு, அலைச்சல் யாருக்கு?

இருபது சர்வர். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து என்டர் தட்ட வேண்டாம் என்றுதான் லினக்ஸில் தானியங்கி நிறுவல் இருக்கிறது. டெபியனில் இதற்குப் பெயர் பிரீசீட். இன்ஸ்டாலர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைத்த ஒரு கோப்பு. தொடங்கி விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

திரும்பி வந்தால் இருபது திரையிலும் ஒரே கேள்வி: ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம், வேறு எதிலாவது வைத்திருக்கிறீர்களா?

பிராட்காம் நெட்எக்ஸ்ட்ரீம் 2 கார்டு இருந்த சர்வர்களில் இதுதான் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், சற்று முன்பு அந்த இன்ஸ்டாலரையே நெட்வொர்க்கிலிருந்து இறக்கிக் கொடுத்தது அதே கார்டுதான்! பிஎக்ஸ்இ பூட் கார்டுக்குள் இருக்கும் நிரலை வைத்து ஓடிவிடும். கெர்னல் வந்ததும் அதன் டிரைவர் தனியாக ஒரு ஃபர்ம்வேர் கோப்பு கேட்கும். கோப்பு இல்லாமல் நெட்வொர்க் வராது. நெட்வொர்க் இல்லாமல் கோப்பு வராது. கேள்விக்கு பிரீசீட்டில் பதில் எழுதலாம், இல்லாத கோப்பை எழுத முடியுமா?

விஷயம் தெரியாதவர் கேபிளை மாற்றுவார், சுவிட்ச்சை மாற்றுவார், கடைசியில் கார்டே போச்சு என்பார். ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அமுக்கினால் வரும் பதிவில் எந்தக் கோப்பு இல்லை என்று பெயரோடு இருக்கும்.

ஏன் இல்லை? கொள்கை. 2011-ல் வந்த டெபியன் 6-இன் கெர்னலில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் எதுவும் கிடையாது, எல்லாம் 'நான்-ஃப்ரீ' பிரிவுக்குப் போய்விட்டது. நல்ல கொள்கைதான். ஆனால் மூடிய நிரல் சிப்புக்குள் எழுதப்பட்டு வந்தால் பரவாயில்லை, கோப்பாக வந்தால் ஆகாது என்பது என்ன கணக்கு? கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது சுதந்திரமா?

"கஷ்டம் வந்தால்தான் தயாரிப்பாளர்களுக்கு உறைக்கும்" என்பார்கள். தயாரிப்பாளருக்கு என்ன நஷ்டம்? கார்டு விற்றாகிவிட்டது, காசு வந்தாகிவிட்டது. நஷ்டம் எல்லாம் யூஎஸ்பியோடு சர்வர் அறையில் அலைந்தவருக்கு. அவரும் மூடிய ஃபர்ம்வேரை விட்டுவிடவில்லை. ஃபர்ம்வேர் சேர்த்த அதிகாரபூர்வமற்ற டெபியன் இமேஜைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டார். ஆக, வரவு பூஜ்யம், செலவு மட்டும் நிஜம்.

2022 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தி டெபியன் மனம் மாறியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. வேண்டாதவர் பூட் செய்யும்போது ஒரு வார்த்தை சேர்த்து மறுத்துவிடலாம். கொள்கைக்காரருக்கும் வழி இருக்கிறது, வேலைக்காரருக்கும் வழி இருக்கிறது.

இவ்வளவு எளிய தீர்வுக்கு 12 வருஷம். அந்த 12 வருஷத்தில் எத்தனை நல்ல கேபிள்கள் குப்பைக்குப் போயினவோ!