மூன்றாவது சத்தத்துக்கும் காது கொடுங்கள்

திங்கட்கிழமை காலை தர்மபுரி மாவட்டத்தின் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தெரியும். ஓ.பி. சீட்டோடு வரிசை வாசல்வரை நிற்கும், மின்விசிறி கடகடக்கும், ஒரு குழந்தை வீறிட்டு அழும். சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப் இரண்டு இடத்தில் பட்டு நகரும். அந்தச் சந்தடியிலும் ‘லப்-டப்’ கேட்டுவிடும். அதை ஒட்டி வரும் இன்னொரு சத்தம் கேட்காது. பல நேரம் நோய் தன்னைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சத்தத்தில்தான்.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடுவது ‘லப்’. ரத்தத்தை வெளியே தள்ளி முடித்ததும் பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடுவது ‘டப்’. கூடுதல் சத்தம் இவற்றில் எதை ஒட்டி, எவ்வளவு தள்ளி வருகிறது என்பதுதான் கேள்வி.

‘டப்’ முடிந்து 0.12 முதல் 0.18 விநாடிக்குள் மந்தமாக வருவது மூன்றாம் ஒலி: லப்-டப்-ட. கீழறைக்குள் ரத்தம் வேகமாக இறங்கும் நேரம் அது. பள்ளிப் பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இது இயல்பாகவே கேட்கலாம். 40 வயதைத் தாண்டி, மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வருபவரிடம் கேட்டால், இதயம் தளர்கிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். ‘லப்’புக்குச் சற்று முன் வருவது நான்காம் ஒலி: ட-லப்-டப். ரத்த அழுத்தத்தால் விறைத்த கீழறைக்குள் மேலறை முக்கித் தள்ளும்போது பிறப்பது.

இன்னொன்று, சொடுக்கு. தொண்டைப்புண்ணில் தொடங்கி மூட்டுகளை வீங்கவைக்கும் ருமாட்டிக் காய்ச்சல், தணிந்த பிறகும் வால்வைச் சிதைத்துவிடும். அப்படிக் குறுகிப்போன, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு திறக்கும்போது, ‘டப்’புக்குப் பின் 0.04 முதல் 0.12 விநாடிக்குள் கூர்மையாக ஒரு சொடுக்கு. அது ‘டப்’பை நெருங்க நெருங்க அடைப்பு கடுமை என்று அர்த்தம். இந்த வால்வு அடைப்புக்கு அறுவை சிகிச்சை பெற்ற 3,724 பேரின் விவரங்களை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1983-ல் வெளியிட்டார்கள். இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை பரவலாகாத காலத்தில் இத்தகைய நோயாளிகளை முதலில் அடையாளம் காட்டியது ஸ்டெதாஸ்கோப்தான்.

இப்போதுதான் எக்கோ வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மொசாம்பிக், கம்போடியா பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், காதுக்குச் சிக்கியதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு வால்வு நோயை எக்கோ கண்டுபிடித்தது. ஆனால் சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன கோட்டூர் மலையும் இதே மாவட்டத்தில்தான். யாரை எக்கோவுக்கு அனுப்புவது என்பதை ஊரிலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு இன்றும் காதில்தான் தொடங்குகிறது.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. சந்தடி இல்லாத ஓர் அறை. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ணப் பக்கத்தை இதய நுனியில் லேசாக வைக்க வேண்டும். அழுத்தினால் மந்தமான ஒலி மறைந்துவிடும். கழுத்து நாடியில் விரல் வைத்தால் ‘லப்’ எது என்று பிடிபடும். எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று நிமிடம். பள்ளிகளுக்குப் போகும் மருத்துவக் குழுக்களுக்கும், 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவோரைப் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கும் அந்த நிமிடங்களை அரசு ஒதுக்கித் தர வேண்டும். சந்தேகம் வருகிறவர்களுக்காக அரூர், பென்னாகரம் அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளாவது எக்கோ முகாம் நடக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொண்டைப்புண் வந்துபோன சில வாரங்களில் பிள்ளை முழங்கால் வலி, கணுக்கால் வீக்கம் என்று சொன்னால், வளர்கிற வலி என்று விட்டுவிடாதீர்கள். “நெஞ்சையும் ஒரு தடவை பாருங்க டாக்டர்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை ஒரு தவணைகூடத் தவறவிடாதீர்கள்.