பட்டன் கார் பேசாவிட்டால்



நயினாதீவு போய் மாலைப் படகில் குறிகட்டுவானுக்குத் திரும்பி, காரில் மடத்துவெளி வரை வந்துவிட்டீர்கள். குழந்தைக்குத் தண்ணீர் வாங்க நிறுத்திய கார், மறுபடி பட்டனை அழுத்தினால் பேசவில்லை. பொழுதோ சாய்கிறது. பதற வேண்டாம்.

கியர் 'பி'யில் இருக்கிறதா, பிரேக்கை அழுத்தி மிதித்தீர்களா? திறப்பு கைத்தொலைபேசியோடு ஒட்டிக் கிடந்தால் பிரித்து எடுங்கள். திறப்புக்குள் இருக்கும் நாணயம் போன்ற பற்றரி செத்திருந்தாலும் வழி உண்டு. டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் பிரேக்கை மிதித்தபடி திறப்பையே பட்டனோடு ஒட்டிப் பிடியுங்கள். 'பீப்' என்றதும் பட்டனை அழுத்துங்கள். பூட்டிய கதவுக்கு, திறப்புக்குள்ளேயே ஓர் இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கிறது. (வாங்கிப் பல வருடமாகியும் இதை அறியாதவர்கள் உண்டு!)

உள்விளக்குகள் மங்கினால் குற்றம் 12 வோல்ட் பற்றரியில். தீவகத்து உப்புக்காற்றில் அதன் முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும். 1990களின் பெட்ரோல் தடையில் மண்ணெண்ணெயால் வாகனம் ஓட்டிய யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள், "தள்ளிப் பாரும்" என்பார்கள். இந்தக் கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. வேறொரு பற்றரியிலிருந்து வயர் கொடுக்க வேண்டும். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் வயர்களை மட்டும் தொடவே தொடாதீர்கள், அவற்றில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம். இயந்திரச் சத்தத்துக்கும் காத்திராதீர்கள். 'ரெடி' விளக்கு எரிந்தால் புறப்படலாம்.